மெட்டுக்குள் தமிழை வைத்த மெல்லிசை மன்னர்

ஜூன் மாதம் 24ஆம் நாள் தமிழ்த் திரையிசையில் நாட்டமுடையோர்க்கு இரட்டைத் திருநாள். 1927ஆம் ஆண்டு அந்நாளில்தான் செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டியில் கவிஞர் கண்ணதாசன் பிறந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 1928ஆம் ஆண்டு அதே நாளில், பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளி என்னும் சிற்றூரில் எம்.எஸ்.விசுவநாதன் பிறந்தார். சொல்லுக்கென ஒருவரும் இசைக்கென ஒருவருமாக வந்த இவ்விருவரும் பின்னாளில் ஓர் ஆர்மோனியப் பெட்டியின் இருபுறமும் அமர்ந்து ஆக்கிய பாடல்களைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனை எத்தனை!

இவ்விருவருள் இசையமைப்பாளரைப் பற்றியே இக்கட்டுரையில் சிறிது பேச விழைகிறோம். சென்னையிலிருந்து வெளிவரும் ஏடுகள் அவரைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டன. ஆயினும், தமிழகத்துக்கு வெளியே பிழைப்பை நாடி வந்து குடியமர்ந்திருக்கும் நம்மைப் போன்றோர்க்கு அவர் செய்த உதவி தனி வகையைச் சேர்ந்தது. நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தமிழ் இல்லை. கடைத்தெருவில் தமிழ் இல்லை. விளையாட்டுத் திடலிலும் தமிழ் இல்லை. வீட்டுக்குள் மட்டுமே வாழும் மொழி நாளடைவில் "சாப்பிடு", "தூங்கு", "வா", "போ" என்னும் சில சொற்களாகச் சுருங்கிவிடுவதை நாம் அனைவரும் கண்கூடாகக் கண்டு வருகிறோம். இந்நிலையில் நல்ல தமிழ்ச் சொற்களை, அவற்றின் குறிலும் நெடிலும் பிழையாதவாறு, நம் கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவை அவருடைய மெட்டுகளே.

எல்லைப்புறத்துச் சிறுவன்

எலப்புள்ளி பிறந்த மண். தாய்மொழியோ மலையாளம். அக்காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் அந்த எல்லைப்புறத்திலிருந்து பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் வேலை தேடிச் சென்றவர்கள் மிகப் பலர். நம் சங்கத்திலேயே பாலக்காட்டுக் குடும்பங்கள் பல இருப்பதை அன்பர்கள் அறிவார்கள்.

விசுவநாதனுக்கு நான்கு வயதானபோது தந்தையார் சுப்பிரமணியன் காலமானார். தாயார் நாராயணிக்குட்டியுடன் பாட்டனாரின் ஆதரவில் கண்ணூரில் வளர்ந்தார். அங்கே நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். வறுமை கருதிச் சினிமாக் கொட்டகையில் தின்பண்டம் விற்றதும் உண்டு. கையில் தட்டும் காதில் பாட்டுமாகக் கழிந்த அந்நாட்களை அவர் பிற்காலத்தில் மறைக்காமல் சொல்லி வந்தார்.

நடிகராக வேண்டும் என்னும் ஆசையோடுதான் அவர் திரையுலகில் நுழைந்தார். கிடைத்ததோ ஜூபிடர் நிறுவனத்தில் எடுபிடி வேலை. அங்கே இசையமைப்பாளராக இருந்த எஸ்.எம்.சுப்பையா நாயுடு, இச்சிறுவனுக்கு இருந்த மெட்டமைக்கும் ஆற்றலைக் கண்டுகொண்டார். பின்னர், இசைமேதை சி.ஆர்.சுப்பராமனின் குழுவில் ஆர்மோனியக் கலைஞராகும் வாய்ப்பு அவருக்கு வந்தது.

நாயுடு அவர்களிடம் விசுவநாதன் காட்டிய நன்றியை இங்கே குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. தமக்கு வழிகாட்டிய அப்பெரியவரை முதுமைக் காலத்தில் தம் இல்லத்திலேயே வைத்து ஒரு மகனைப் போலப் பேணினார். ஊர் விட்டு ஊர் வந்தவர்க்கு முதல் வேலை வாங்கித் தந்தவரின் அருமை நன்கு தெரியும். நம் தந்தையர் தலைமுறையில், முதல் மாதச் சம்பளம் வரும்வரை தம் வீட்டில் சோறிட்டவரின் பெயரை ஆயுள் முழுவதும் சொல்லிக் கொண்டிருந்தவர்களை நாமே கண்டிருக்கிறோம் அல்லவா?

இருவர் சேர்ந்த காலம்

1952ஆம் ஆண்டு சுப்பராமன் தம் 28ஆம் வயதில் காலமானார். தமிழிசைக்கு அது பேரிழப்பு. அவர் ஒப்புக்கொண்டிருந்த படங்கள் பாதியில் நின்றன. அவற்றுள் 'தேவதா'ஸும் ஒன்று. குழுவிலிருந்த விசுவநாதனும் வயலின் கலைஞர் டி.கே.ராமமூர்த்தியும் சேர்ந்து, நின்ற பணிகளை முடித்துக் கொடுத்தனர். குருவின் வேலையை நிறைவேற்றக் கூடிய இருவர் அப்படியே இணைந்து நின்றனர். அதே 1952ஆம் ஆண்டு கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' இவ்விருவர் பெயரையும் தாங்கி வெளிவந்தது.

ராமமூர்த்தி 1922ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை என்னும் பெரும் வயலின் வித்துவானின் வழியில் வந்தவர். வயதில் விசுவநாதனுக்கு மூத்தவர். எனினும் 'விசுவநாதன்–ராமமூர்த்தி' என்று இளையவர் பெயரே முன்னால் நின்றது. ராமமூர்த்தி அதற்கு இசைந்து பதின்மூன்று ஆண்டுகள் உடன் நடந்தார். இப்பெருந்தன்மையையும் நாம் மறத்தலாகாது. மெல்லிசை மன்னரைப் புகழும் வாயால் அவருடைய தோழரையும் புகழ்வதே முறை.

'பாகப்பிரிவினை' 1959ஆம் ஆண்டு வந்தது. 1961ஆம் ஆண்டிலோ 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' என மூன்று படங்கள் அடுத்தடுத்து வந்தன. மூன்றும் ஏ.பீம்சிங் இயக்கியவை. மூன்றிலும் சிவாஜி கணேசன் கதாநாயகர். மூன்றின் பாடல்களும் அறுபது ஆண்டுகளைக் கடந்து இன்றும் பாடப்படுகின்றன. 1962ஆம் ஆண்டு ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வந்தது. மருத்துவமனையை விட்டு அதிகம் வெளியே செல்லாத அக்கதையில் நோயும் அச்சமும் பழைய காதலும் பாடல்களில்தான் வாய் திறக்கின்றன. 1963ஆம் ஆண்டு சென்னையில் நடந்த பாராட்டு விழாவில் இருவருக்கும் 'மெல்லிசை மன்னர்கள்' என்னும் பட்டம் வழங்கப்பட்டது.

அடுத்த ஆண்டு, அதாவது 1964இல் வந்த இரு படங்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால் இவர்களுடைய வீச்சு விளங்கும். ஒன்று 'கர்ணன்'. மகாபாரதக் கதை வடபுலத்தில் நிகழ்வதாதலால் இந்துஸ்தானி இராகங்களின் சாயலில் பாடல்களை அமைத்தார்கள். மற்றொன்று 'காதலிக்க நேரமில்லை'. அதிலோ மேனாட்டு இசையின் துள்ளல். வேலையிழந்த இளைஞன் முதலாளியின் வீட்டெதிரே கூட்டம் கூட்டி வேலை கேட்டுப் பாடும் பாடல் அப்படத்தில் உண்டு. கதையில் அம்முதலாளியின் பெயரும் விசுவநாதனே! தம் பெயரைச் சொல்லி முழக்கமிடும் பாட்டுக்குத் தாமே மெட்டமைக்க நேர்ந்தது அவருக்கு. இரயில்வே ஊழியர்களாகிய நமக்கு, வேலை கேட்டு முழங்கும் அப்பாட்டின் மீது தனிப் பிரியம் உண்டு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

'கர்ண'னைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. 48 ஆண்டுகள் கழிந்து, 2012ஆம் ஆண்டு, அப்படம் புதுப்பிக்கப்பெற்றுத் திரைக்கு வந்தபோது தமிழகத்தில் அரங்குகள் நிறைந்தன. தாத்தாவும் பேரனும் அருகருகே அமர்ந்து கேட்ட இசை அது.

1965ஆம் ஆண்டு 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு இருவரும் பிரிந்தனர். விசுவநாதன் தனித்து நின்று மேலும் பல்லாண்டுகள் இசையமைத்தார். 1975ஆம் ஆண்டு வந்த 'அபூர்வ ராகங்கள்' படத்தில், டாக்டர் எம்.பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய மகதி என்னும் நான்கே சுரங்களுடைய இராகத்தில் அவர் ஒரு பாடல் அமைத்துக் காட்டினார். நான்கு சுரத்தில் ஒரு பாட்டு! இசை இலக்கணம் அறியாத நாமும் அதைக் கேட்டு உடன் முணுமுணுக்கிறோம். இலக்கணம் அறிந்தவர்கள் வியந்து நிற்கிறார்கள்.

மெட்டும் சொல்லும்

இனி நாம் சொல்ல வந்த பொருளுக்கு வருவோம். திரைப்பாடல் பெரும்பாலும் எப்படிப் பிறக்கிறது? இயக்குநர் காட்சியைச் சொல்கிறார். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை இழுத்து வைத்துக்கொண்டு, பொருளில்லாத தத்தகாரத்தில், தனனா தானா என்று மெட்டைப் பாடிக் காட்டுகிறார். கவிஞர் அந்த ஓசைக்கு ஏற்பச் சொற்களை இடுகிறார். மெட்டு நீளுமிடத்தில் நெடில் வரவேண்டும். வெட்டுமிடத்தில் குறிலோ வல்லின ஒற்றோ வரவேண்டும். நெடிலின் இடத்தில் குறிலை வைத்து இழுத்தால் சொல் சிதையும். 'கல்' என்பது 'கால்' ஆகிவிடும். சில வேளைகளில் கவிஞர் முன்னரே எழுதித் தர, அதற்கு மெட்டமைப்பதும் உண்டு. எவ்வழியாயினும் சொல்லுக்கும் ஓசைக்கும் பூசல் நேராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இசையமைப்பாளரைச் சேர்ந்தது. விசுவநாதன் இப்பொறுப்பில் வல்லவர். அவருடைய பாடல்களில் கிதாரும் அக்கார்டியனும் புல்லாங்குழலும் தபலாவும் போதிய அளவு ஒலிக்கும். ஆயினும் பாடகர் வாய் திறந்தவுடன் அவை ஒதுங்கி வழிவிடும். அச்சிட்ட பாட்டுப் புத்தகம் இல்லாமலே ஒவ்வோர் எழுத்தும் நமக்குக் கேட்கும்.

இந்த வேலை எவ்வாறு நடக்கிறது என்பதை ஒரு காட்சியாகவே காண விரும்புவோர், கே.பாலசந்தர் இயக்கிய 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) படத்தைப் பார்க்கலாம். வேலை தேடித் தில்லிக்கு வந்து பசியில் வாடும் தமிழ் இளைஞரின் கதை அது, நம் கதையுந்தான். அதில் கதாநாயகி பொருளற்ற ஓசையில் மெட்டைப் பாடிக் கொடுக்க, கதாநாயகன் அவ்வோசைக்கு உரிய சொற்களை உடனுக்குடன் இட்டு நிரப்பும் பாடல் ஒன்று உண்டு. கவிஞர் கண்ணதாசன், பாடியவர்கள் எஸ்.ஜானகியும் எஸ்.பி.பாலசுப்பிரமணியமும். இசையமைப்பாளரும் கவிஞரும் கூடி உட்காரும் அறையின் கதவைத் திறந்து காட்டியது போன்ற பாடல் அது. கண்ணதாசன் மறுவருடம், 1981ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் காலமானார்.

இங்கே நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லத்தக்க செய்தி ஒன்று உண்டு. மெட்டமைத்த விசுவநாதனின் தாய்மொழி மலையாளம். அவருடைய மெட்டுகளைப் பாடியவர் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். மதுரையில் பிறந்த டி.எம்.சௌந்தரராஜனின் வீட்டு மொழி சௌராஷ்டிரம். விஜயநகரத்திலிருந்து வந்த பி.சுசீலாவின் மொழி தெலுங்கு. காக்கிநாடாவில் பிறந்த பி.பி.ஸ்ரீநிவாஸ், குண்டூர்ப் பக்கத்து எஸ்.ஜானகி, நெல்லூர்ப் பக்கத்து எஸ்.பி.பாலசுப்பிரமணியம் ஆகியோர் மொழியும் தெலுங்கே. கொச்சியில் பிறந்த கே.ஜே.யேசுதாசின் மொழி மலையாளம். வாத்தியக் குழுவிலோ கிதார் வாசித்த பிலிப்ஸ், அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தி, புல்லாங்குழல் வாசித்த நஞ்சப்பா என்று பல திறத்தினர். இத்தனை பேரும் கூடித்தான் நம் காதுக்குத் தமிழை இவ்வளவு தெளிவாகக் கொண்டுவந்து சேர்த்தனர். வீட்டில் வேறு மொழி பேசியவர்கள் 'ழ'கரத்தையும் 'ள'கரத்தையும் பழகிப் பழகிக் கைவரப் பெற்றார்கள். அங்ஙனமாயின், வீட்டில் தமிழ் பேசும் நம் பிள்ளைகளுக்கு வெளியூர் வாசம் ஒரு தடையாகுமோ? பழக்கமும் பொறுமையும் உள்ளவர்க்கு மொழி வசப்படும் என்பதற்கு இவர்களைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

நாகபுரியில் கேட்ட பாட்டு

நாம் நாகபுரி இரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணியாற்றி வருகிறோம். எம் தந்தையாரும் இரயில்வே ஊழியராயிருந்து ஓய்வு பெற்றவர். நாம் பிறந்தது திருச்சிராப்பள்ளியில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில். வளர்ந்தது முழுவதும் அஜ்னி குடியிருப்பில்.

எம் அலுவலகத்தின் மூத்த அன்பர்கள் படப்பெட்டிகளைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வர். சென்னையிலிருந்து தில்லி செல்லும் கிராண்ட் டிரங்க் வண்டியில் ஆரஞ்சுக் கூடைகளுக்கும் துணி மூட்டைகளுக்கும் நடுவே தகரப் பெட்டிகளில் படச்சுருள்கள் வருமாம். தமிழ்ப் படப்பெட்டி இறங்கிய செய்தி அலுவலகத்திலிருந்து குடியிருப்புக்கு எட்ட அரைமணிகூட ஆகாதாம். ஞாயிறு காலைக் காட்சிக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்புவார்களாம். நாம் வேலையில் சேர்ந்த பிறகு படங்கள் பெட்டியில் வருவது நின்றுபோயிற்று. ஆதலால் அந்த ஆரவாரத்தைக் காணும் பேறு நமக்கு வாய்க்கவில்லை.

நமக்கு வாய்த்தது ஒலிநாடா. விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் தந்தையார் பெட்டியில் ஊறுகாய்ச் சாடிக்குப் பக்கத்தில் துணி சுற்றிய ஒலிநாடாக்களைக் கொண்டுவருவார். அவரிடம் நீண்ட கணக்குப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பாடலையும் வரிசை எண்ணிட்டு, படம், ஆண்டு, பாடியவர், கவிஞர், இசை என்று ஐந்து பத்திகளாக மணிமணியான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். பள்ளியில் நமக்கு இந்தியும் மராத்தியும் ஆங்கிலமுமே பாடங்கள். தமிழ் எழுத்துகளை நாம் கற்றது அந்தக் கணக்குப் புத்தகத்தில்தான். ஐந்தாம் பத்தியில் 'விசுவநாதன்' என்னும் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வந்தமையால், 'அம்மா', 'அப்பா' என்னும் சொற்களுக்கு அடுத்தபடியாக நாம் தமிழில் எழுதப் பழகிய சொல் அதுவே எனில் மிகையாகாது.

எம் அன்னையாரோ 'பாசமலர்' படத்துத் தாலாட்டைப் பாடித்தான் எம் தங்கையைத் தூங்க வைப்பார். அண்ணனும் தங்கையும் பிரிந்திருந்து, தத்தம் குழந்தையைத் தாலாட்டும்போது ஒருவரை ஒருவர் எண்ணி உருகும் பாடல் அது. திருச்சியில் தம் அண்ணனை விட்டு வந்த அன்னையார் அதைப் பாடும்போது சில இடங்களில் குரல் கம்மும். பக்கத்து வீட்டு மராத்தி அம்மையார் அம்மெட்டைச் சொல்லில்லாமல் கற்றுக்கொண்டு தம் பேரனுக்குப் பாடியதை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். தமிழில் ஒரு சொல்லும் அறியாத அவருக்கு, இது உடன்பிறந்தார் பிரிவைச் சொல்லும் பாட்டு என்று யாரும் கூறாமலே விளங்கியிருந்தது.

இப்போது எம் மகளுக்கு எட்டு வயது. கைப்பேசியில் அவள் கேட்கும் பாடல்களுக்குக் கணக்கில்லை. ஐந்து பத்திப் புத்தகமும் இல்லை. பழைய பாடல்களை அவள் நன்றாகவே பாடுகிறாள். 'ழ'கரமும் பிழையின்றி வருகிறது. ஆனால் பொருள் தெரிவதில்லை. சென்ற மே மாதம் ஒரு நாள், "தென்றல் என்றால் என்னப்பா?" என்று கேட்டாள். நாகபுரிக் கோடையில், 'லூ' என்னும் அனற்காற்று கதவைத் தட்டும் பிற்பகலில், தென்றலுக்கு எப்படிப் பொருள் கூறுவது? "தெற்கிலிருந்து வரும் இளங்காற்று அம்மா; நாம் வந்த திசையிலிருந்து வருவது" என்றோம். அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அது இங்கே வராதா?" என்று கேட்டாள். விடை சொல்லச் சற்று நேரம் பிடித்தது. பாட்டு மட்டுமே மொழியைக் காப்பாற்றிவிடாது என்பதை அன்று உணர்ந்தோம். பாட்டு கதவைத் திறந்துவிடும். உள்ளே கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் பெற்றோராகிய நாமே.

எல்லோரும் எழுந்து நிற்கும் பாட்டு

விசுவநாதனின் மெட்டுகளுள் மிகுதியானோர் பாடும் மெட்டு எது என்று ஒரு முறை நம் சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. ஆளுக்கொரு திரைப்பாடலைச் சொன்னார்கள். உண்மையில் அது திரைப்பாடலே அன்று. நம் கூட்டத்தின் தொடக்கத்தில் எழுந்து நின்று பாடுகிறோமே, அந்தத் தமிழ்த்தாய் வாழ்த்துத்தான் அது.

பேராசிரியர் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1891ஆம் ஆண்டு வெளியிட்ட நாடக நூலின் வாழ்த்துப் பகுதியிலிருந்து எடுக்கப்பெற்ற வரிகள் அவை. 1970ஆம் ஆண்டு தமிழக அரசு அதனைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. மோகன இராகத்தில், மும்மை நடையில், அதற்கு மெட்டமைத்தவர் எம்.எஸ்.விசுவநாதன். டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடி ஒலிப்பதிவு செய்யப்பெற்றது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு அரசு அதனை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 விநாடிகளில் பாட வேண்டும் என்றும், பாடும்போது அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்றும் முறை வகுத்தது.

மோகனம் ஐந்தே சுரங்களுடைய இராகம். குழந்தைக்கும் கிழவர்க்கும் ஒருங்கே தொண்டைக்கு எட்டக்கூடியது. இசைப் பயிற்சி இல்லாத ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பாட வேண்டிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு உண்டோ? செய்யுளின் நீண்ட அடிகள் மூச்சுத் திணறாமல் பிரிந்து வருவதையும், கடுஞ்சொற்கள் கூட நாவில் இடறாமல் செல்வதையும் அடுத்த முறை பாடும்போது கவனித்துப் பாருங்கள். தமிழன்னையை வாழ்த்தும் பாட்டுக்கு எலப்புள்ளியில் பிறந்த மலையாளத்தாரின் மகன் மெட்டமைத்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்தால், மொழிப்பற்றுடன் பிற மொழியாரிடத்து நன்றியும் அவர்களுக்கு உண்டாகும். அண்டை வீட்டார் அனைவரும் பிறமொழியாளராக உள்ள நமக்கு இந்நன்றியுணர்ச்சி மிகவும் வேண்டுவதொன்று.

தம் குரலாலும் அவர் நம்மை ஆட்கொண்டார். பாடகர்க்குரிய பளபளப்பு அக்குரலில் கிடையாது, உணர்ச்சி உண்டு. 2002ஆம் ஆண்டு வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில், ஏ.ஆர்.ரஹ்மான் இசையில், போரினால் ஈழத்து மண்ணை விட்டுப் புறப்படும் மக்கள் தாய்நாட்டிடம் விடை கேட்கும் பாடலில் முதிய விசுவநாதனின் குரல் ஒலிக்கிறது. நாம் வயிற்றுப் பிழைப்புக்காக வந்தவர்கள். நினைத்தால் மறுநாள் வண்டியேறி ஊர் திரும்பலாம். திரும்ப வழியில்லாதவர்களின் துயரை நம் துயரோடு ஒப்பிடுதல் தகாது. ஆயினும் அப்பாடலைக் கேட்கும்போது பிறந்த ஊரின் பேருந்து நிறுத்தமாவது ஒரு கணம் கண்முன் வராத வெளியூர்த் தமிழர் இருக்கமாட்டார். தம் மகன் வயதினரான இளைஞரின் இசையில் அடக்கத்தோடு வந்து பாடிச் சென்ற பெருந்தகைமையும் நினைக்கத்தக்கது. அதற்கு முன்பே, 1986இல் வந்த 'மெல்லத் திறந்தது கதவு' படத்தில் இளையராஜாவுடனும் அவர் கூடிப் பணியாற்றியதுண்டு.

பெற்றதும் பெறாததும்

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்நாளைய முதலமைச்சர் ஜெ.ஜெயலலிதா, விசுவநாதன், ராமமூர்த்தி இருவரையும் ஒரே மேடையில் அமர்த்தி 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்னும் பட்டம் அளித்துப் பாராட்டினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ராமமூர்த்தி மறைந்தார். 2015ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், தம் 87ஆம் வயதில், சென்னையில் விசுவநாதன் கண்மூடினார்.

இந்திய அரசின் பத்ம விருது ஒன்றேனும் அவருக்கு வழங்கப்படவில்லை. இசையமைப்புக்கான தேசிய விருதும் கிடைக்கவில்லை. தமிழகத்தில் இதனைக் குறித்துப் பலர் வருந்தி எழுதினர். வெளியூரில் வாழும் நாம் இதனை வேறொரு வகையிலும் எண்ணிப் பார்க்கலாம். எம் அலுவலகத்து மராத்தி, இந்தி அன்பர்கள் நௌஷாத், சங்கர்–ஜெய்கிஷன் பெயர்களைச் சொல்லி மகிழ்வர்; நாமும் அவர்களோடு சேர்ந்து மகிழ்வோம். ஆனால் "உங்கள் பக்கத்தில் யார்?" என்று அவர்கள் கேட்குமாறு நாம் எத்தனை முறை நம் மன்னரின் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறோம்? விருதுக் குழுவினரும் நம்மைச் சூழ்ந்துள்ள இப்பெருநாட்டின் மக்களே. அவர்கள் காதுக்கு எட்டாத புகழை அவர்கள் எவ்வாறு அளந்தறிவர்? தமிழகத்துக்கு வெளியே வாழும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் இவ்வகையில் ஒரு சிறு தூதரகமே ஆகும்.

நாம் செய்யத்தக்கவை

அன்பர்களின் ஆலோசனைக்காகச் சிலவற்றைப் பணிவுடன் கூறுகிறோம். முதலாவதாக, பிள்ளைகளுக்குப் பாட்டைப் போடும்போது படம், ஆண்டு, பாடியவர், கவிஞர், இசை ஆகிய ஐந்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர்களைக் கொண்டே தமிழில் எழுதச் செய்யுங்கள். நாளொன்றுக்கு ஒரு பாடல் போதும். ஓராண்டில் 365 வரிகள் எழுதிய கை தமிழை மறவாது.

இரண்டாவதாக, நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மெட்டுக்குச் சொல்லிடும் விளையாட்டை வைக்கலாம். ஒருவர் தனனா தானா என்று ஓசையைத் தர, மற்றவர் அதற்கேற்ற தமிழ்ச் சொல்லை இட வேண்டும். குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிப்பதைவிட இவ்வழி விரைவில் பதியும். சொல் கிடைக்காத பிள்ளை பெற்றோரிடம் ஓடிவந்து கேட்கும். பெற்றோர்க்கும் கிடைக்காவிடில் அகராதியைத் திறப்பார்கள்.

மூன்றாவதாக, பாட்டில் வரும் ஒரு சொல்லுக்காவது அன்றன்று பொருள் சொல்லிவிடுங்கள். தென்றலுக்கும் முல்லைக்கும் வைகறைக்கும் பொருள் தெரியாமல் அவற்றைப் பாடும் பிள்ளை, சில ஆண்டுகளில் பாடுவதையும் விட்டுவிடக்கூடும்.

நான்காவதாக, வரும் ஜூன் 24ஆம் நாள் மாலையைக் கவிஞருக்கும் மன்னருக்கும் உரிய மாலையாக நம் சங்கத்தில் கொண்டாடலாம். நம் மராத்திய, இந்தி நண்பர்களையும் அழைப்போம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பு அதன் பொருளை அவர்கள் மொழியில் இரண்டு வாக்கியங்களில் நம் பிள்ளைகளே எடுத்துச் சொல்லட்டும். அதற்காகவேனும் பாட்டின் பொருளைப் பிள்ளைகள் நன்கு கற்றுக்கொள்ள நேரும்.

கொட்டகையில் தட்டேந்தி நின்றபோதும் காதை இசைக்குக் கொடுத்திருந்த அச்சிறுவன், அயல்மொழி ஒன்றைத் தன் மொழியாக்கிக் கொண்டு, அம்மொழியின் வாழ்த்துக்கே மெட்டமைக்கும் அளவுக்கு உயர்ந்தான். நம் பிள்ளைகளோ அம்மொழிக்குப் பிறப்பால் உரியவர்கள். அவ்வுரிமையை அவர்கள் இழந்துவிடாமல் காப்பது நம் கடமை. மெல்லிசை மன்னரின் புகழ் நெடிது வாழ்க! அவர் தோழர் ராமமூர்த்தியின் புகழும் உடன் வாழ்க!